அறுபது வாட்டும் நான்கு கூம்புகளும்

அத்தை மகளின் திருமண வரவேற்பில் தனியாகக் கிடார் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். என்ன வாசிப்பது என்பதைவிட, கும்பகோணத்து மண்டபத்தில் அதை எதன் வழியாகக் கேட்கச் செய்வது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. மாமாவுக்கு அந்தக் கவலையே இல்லை. “மைக் செட் பேசியாச்சு, நீ கையை வீசிக்கிட்டு வா மாப்பிள்ளை” என்றார்.

மைக் செட் என்றால் வாசலில் கட்டும் கூம்புகள். பேச்சுக் குரலைப் பக்கத்துத் தெருவரை கொண்டு சேர்க்கும் அவற்றில் கிடாரின் தடித்த கம்பிகள் எழுப்பும் கீழ் ஸ்வரங்கள் அநேகமாகக் கேட்பதே இல்லை. நண்பரின் எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப்ளிஃபயரோ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூரிய ஒலிகளில் பெரும்பாலும் மௌன விரதம். கிடாரை நேரே மைக் செட்டின் மிக்ஸரில் செருகலாம் என்றால், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப்பின் இம்பீடன்ஸ், அதாவது மின்தடுப்பு, மிக அதிகம் என்பதால், இடையில் அதைச் சமாளிக்கும் ப்ரீஆம்ப் இல்லாவிட்டால் மேட்டூர் திறக்காத ஆண்டின் காவிரியைப்போல அடிநாதம் வற்றிவிடும். ஆகவே கூரிய ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டரும் ப்ரீஆம்பும், கிடாருக்கு ஒன்று குரலுக்கு ஒன்று என இரண்டு சானல்களும் உள்ள அறுபது வாட் அகூஸ்டிக் ஆம்ப்ளிஃபயர், அதாவது என்னுடையதைப்போன்ற மரப்பெட்டிக் கிடாருக்கானது, ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

மேடையில் அதை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்தது. நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வாத்தியம் வாட் கணக்கு பார்த்துப் பிறந்ததன்று. தவிலின் தொப்பிப் பக்கத்தில் விழுந்த ஓர் அடிக்கு என் கிடாரின் ஐந்தாம் கம்பி தானாகவே முனகியது. அந்த முனகலைப் பிக்கப் எடுத்துக் கொடுக்க, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கிக் கிடாரின் பெட்டிமீதே மோத, பெட்டி மேலும் அதிர, மண்டபம் முழுவதும் ‘ஊ’ என்று ஒரு நீண்ட ஊளை எழுந்தது. ஜெனரேட்டருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

கிடாரின் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிரும் இயல்புடையது. ஊளை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கிளம்பும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்து, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை மாற்றி, ஆம்ப்ளிஃபயரை என் முதுகுக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தியதும் அது அடங்கியது. வாட்டைவிட இந்த மூன்றுக்கும் இடம் தரும் ஆம்ப்ளிஃபயர்தான் தனியாக வாசிப்பவருக்கு வேண்டும் என்பது என் கட்சி.

மைக் செட் அண்ணன் அதுவரை கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நல்ல வாத்தியத்துக்குத் துணி அடைச்ச மாதிரி ஆக்கிட்டீங்களே தம்பி” என்று அங்கலாய்த்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் மிக்ஸருக்கென்றே இருக்கும் டி.ஐ. துவாரத்திலிருந்து தம் மிக்ஸருக்கு ஒரு வயரை இழுத்து, நான் தடுப்பதற்குள் எக்கோவையும் தாராளமாகத் திருப்பிவிட்டார். நான் ஒரு முறை மீட்டியது வாசலில் நான்கு முறை கேட்டது. தாம்பூலம் வாங்கிச் சென்ற பலர் இரண்டு பேர் வாசித்ததாகவே நம்பிப் பாராட்டினார்கள்.

மறுநாள் மாமாவிடம் வந்த பில்லில், “கிடார், கூம்பு நான்கு, எக்கோ தனி” என்று ஒரு வரி இருந்தது.