ஃபேனை நிறுத்திய அறை

சோழவந்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் மூன்று நாளாக சீரியல் படப்பிடிப்பு. நான் மேக்கப் உதவியாளர். நேற்று வில்லன் சிகரெட் பிடிக்கிற காட்சி. ஒலிப்பதிவுக்காக ஃபேனை நிறுத்தி, டிராக்டர் சத்தம் வராமல் ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். டேக்குக்கு டேக் சிகரெட் அதே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று பற்ற வைத்தார்கள். ஒன்பது டேக். அந்தச் சின்ன அறையில் பதினைந்து பேர்.

ஹேர் டிரஸ்ஸர் அக்காவுக்கு இழுப்பு உண்டு. ஐந்தாவது டேக்கில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வெளிய போயி நில்லுங்கக்கா" என்றேன். "டச்சப்புக்குக் கூப்பிட்டா யாரு தம்பி போறது?" என்றவர், இன்ஹேலரை இழுத்துவிட்டு அங்கேயே நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

மூலிகை சிகரெட்தான், ஒன்றும் செய்யாது என்கிறார்கள். நிகோட்டின் இல்லை, சரி. எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். அப்புறம், இடைவேளையில் அதே அறையில் நிஜ சிகரெட்டும் பிடிக்கிறார்கள். பணியிடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதலே தடை இருக்கிறது, 200 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பார்க்கிறவர்களுக்காகத் திரையில் எச்சரிக்கை வரி ஓடுகிறது. அந்தப் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் நாங்கள்.

டேக் முடிந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொல்லி இன்று காலை மேனேஜர் அண்ணனிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். மதியம் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. நாளைக்கும் கேட்பேன்.