சிறுகோட்டை எடுத்தால் மட்டும் போதாது

போன வாரம் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் கையேட்டைத் திருத்தி அனுப்பினேன். நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை, கையேட்டில் இருந்த கட்டளைகளை மட்டும்தான். அதற்கே இரண்டு இரவு ஆனது.

கையேடு முழுக்க 'டாக்கர்-கம்போஸ் அப்' என்று நடுவில் கோடு போட்டே இருந்தது. டாக்கர் என்பது மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) அடைத்து ஓட்டும் கருவி, அந்தப் பெட்டிகளைச் சேர்த்து ஓட்டுவது கம்போஸ். கையேட்டில் இருந்தது பைத்தானில் எழுதிய கம்போஸின் முதல் பதிப்பின் கட்டளை. 2023 ஜூலையோடு அந்தப் பதிப்புக்குப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. இரண்டாம் பதிப்பு கோ மொழியில் எழுதப்பட்டு டாக்கருக்கே பிளகினாக வருகிறது, ஆகவே கோட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். இது தெரியாத ஒரு மாணவர் பழைய கட்டளையை அப்படியே அடித்து, 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்ததும் தப்பு தன்மேல்தான் என்று நினைத்து மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

சரி, மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று பார்த்தால், 'டாக்கர்-கம்போஸ்.ஒய்எம்எல்' என்ற கோப்புப் பெயரிலும் கோடு போய்விட்டது. அதனால் ஒவ்வொரு வரியாக, புதிதாகப் போட்ட ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன்.

அப்படிப் பார்த்ததில்தான் பேக்கப் பக்கம் சிக்கியது. அங்கே டேட்டாபேஸ் கன்டெய்னரின் பெயர் 'ஆப்_டிபி_1' என்று நேரடியாக எழுதியிருந்தது. பழைய பதிப்பு பெயர்களை அடிக்கோடு போட்டு இணைக்கும், புதியது 'ஆப்-டிபி-1' என்று சிறுகோடு போடும். ஆக, கையேடு சொல்லும் பெயரில் கன்டெய்னரே இல்லை. ஆனால் கட்டளையின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்ததால், கட்டளை ஓடுவதற்கு முன்பே ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) அந்தக் கோப்பை உருவாக்கிவிடுகிறது. இன்றைய தேதியோடு, சரியான பெயரோடு, உள்ளே 0 பைட்! குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் இதைப் போட்டு வைத்தவர் பிழைச்செய்தியைப் பார்த்திருக்கவே மாட்டார், தினமும் ஒரு கோப்பு சேருவதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருப்பார். கோட்டை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தால் இது அப்படியே கிடந்திருக்கும்.

அந்த வரியை 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் -டி டிபி' என்று மாற்றினேன். கம்போஸ் கோப்பில் கொடுத்திருக்கும் 'டிபி' என்ற சர்வீஸ் பெயரைச் சொன்னால் போதும், கன்டெய்னரின் பெயர் எப்படி மாறினாலும் கவலையில்லை. கூடவே, பேக்கப் எடுத்ததும் கோப்பின் அளவைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். அப்புறம், இந்தக் கையேட்டைப் பார்த்து ஏற்கெனவே கிரான் போட்டவர்களுக்காக, மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்பின் (ரிலீஸ் நோட்ஸ்) முதல் வரியிலேயே இதை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.