பி.ஆர். கார்ட்: இரண்டு கோப்புகளின் நாட்குறிப்பு

ஜனவரி 12, 2026, திங்கள்

ஸ்காபரோவில் ஒரு தாயும் மகளும். இருவரின் பி.ஆர். (கனடா நிரந்தர வதிவிட) கார்டும் மே மாதம் முடிகிறது. முடிய ஒன்பது மாதத்துக்கும் குறைவாக இருந்தால் புதுப்பிக்கலாம், நேரம் சரி. மகள் கனடாவை விட்டு அசையவில்லை. தாய் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தில் நின்றவர். இப்படியான கோப்பில் 5444 என்ற கார்ட் விண்ணப்பப் படிவத்தைத் திறக்க முதல் நாட்களை எண்ணவேண்டும்: ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவுக்குள் இருந்திருக்கவேண்டும்.

கார்ட் காலாவதியானால் பி.ஆர். போய்விடும் என்று பயப்படுவோர் அதிகம். போகாது. ஆனால் நாள் குறைய இருக்கும்போது விண்ணப்பம் போட்டால் அது நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. விசாரணை பி.ஆர். அந்தஸ்தைப் பறிப்பதுவரை போகலாம்.

ஜனவரி 14, புதன்

பயண அட்டவணை. கடவுச்சீட்டில் இருப்பது கட்டுநாயக்கா விமான நிலைய முத்திரைதான். அதை அப்படியே எழுதினால் பிழையாகும். ரொறன்ரோவில் மார்ச் 3 ஏறியவருக்கு அங்கே மார்ச் 5 என்று விழும். படிவம் கேட்பது கனடாவை விட்ட திகதி. போன நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களே. மார்ச் 3 போய் 20 வந்தால், இல்லாத நாள் 16.

பழைய ரிக்கெற் மின்னஞ்சல்களைத் தோண்டினோம். கனடா எல்லைச் சேவைகள் முகமையிடம் பயண வரலாறு கேட்கலாம். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் கட்டணம் இல்லை. ஆனால் விமானத்தில் வெளியேறியதை அவர்கள் பதியத் தொடங்கியது 2020 ஜூன் 25இல். தாய் 2020 மார்ச்சில் போனது அதில் இராது.

தாய் கனடாவில் நின்ற நாட்களைக் கூட்டினால் 715. பதினைந்து நாள் குறைவு.

பதினைந்து நாள் பொறுத்தால் சரி என்று உடனே சொல்லிவிடக்கூடாது. ஐந்து வருடம் என்பது விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. தினமும் முன்னால் ஒரு நாள் சேர, பின்னால் ஒரு நாள் உதிரும். உதிர்வது கனடாவில் நின்ற நாள் என்றால் இலாபமே இல்லை, வருடக்கணக்காகக் காத்திருந்தாலும் 715தான். தாய் 2021 தொடக்கத்தில் கொரோனாவில் அகப்பட்டு ஊரில் நின்றவர். உதிர்வதெல்லாம் யாழ்ப்பாண நாள். ஆகவே ஒவ்வொரு நாளும் முழு இலாபம்.

கனடியக் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் வாழ்ந்த நாட்களும் சேரும். கணவரும் பி.ஆர். என்றால் சும்மா கூட இருந்தது சேராது. அவர் கனடிய நிறுவனத்துக்காகவோ அரசுக்காகவோ அங்கே முழுநேரம் வேலை செய்திருக்கவேண்டும். இந்த வித்தியாசத்தில் சறுக்குவோர் பலர்.

ஜனவரி 22, வியாழன்

படம். 50 x 70 மில்லிமீட்டர், நாடியிலிருந்து உச்சிவரை 31 முதல் 36. ஸ்டூடியோவில் "பாஸ்போர்ட் படம்" என்று மட்டும் சொன்னால் இரண்டு அங்குலச் சதுரம் வந்தாலும் வரும். "பி.ஆர். கார்டுக்கு" என்று சொல்லவேண்டும். பின்பக்கத்தில் பெயர், பிறந்த திகதி, ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும், எடுத்த திகதி. பளபளப்புத் தாளில் சாதாரண பேனா மை இழுபடும். மெல்லிய மார்க்கரால் எழுதிக் காயவிட்டுத்தான் ஸ்கான் செய்தோம்.

பெப்ரவரி 3, செவ்வாய்

ஐந்து வருட வேலை, படிப்பு, முகவரி. ஒரு மாதமும் வெறுமையாக விடக்கூடாது. மகள் படிப்பு முடித்து வேலை கிடைக்கும்வரை இருந்த இரண்டு மாதத்துக்கு "வேலை இல்லை" என்று ஒரு வரி. தாய்க்கு "இல்லத்தரசி"; ஊரில் நின்ற காலத்துக்கு ஊர் முகவரி. பெயரில் நம்மவர்க்கு எப்போதும் சிக்கல்: தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தால் அப்படியே விடவேண்டும். இதைத் திருத்தும் இடம் இதுவல்ல.

ஆதாரத்துக்கு வருமான வரி மதிப்பீடும் வங்கிக் கூற்றும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

தாயின் கணக்கு இப்போது கனடாவில் 742 நாள், வெளியே 1,084. வெளியே 1,095 அல்லது அதற்கு மேல் என்றால்தான் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கமும் கேட்பார்கள். இவ்வளவு கிட்ட நிற்கும்போது கேட்காமலே வைப்பது நல்லது. வைத்தோம். ஆளுக்கு 50 டொலர், பற்றுச்சீட்டை இணைத்து இணையத்தளத்தில் அனுப்பியாயிற்று.

கார்ட் கனடா முகவரிக்கு மட்டுமே வரும். தாய் இடையில் ஊருக்குப் போகலாமா என்று மகள் கேட்டார். மேக்கு முதல் திரும்பினால் பழைய கார்டோடு ஏறலாம். பிந்தினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்; அங்கிருந்தே 50 டொலர் கட்டிப் பயண ஆவணம் எடுக்கவேண்டும், நாள் கணக்கை அங்கேயும் பார்ப்பார்கள். அமெரிக்காவுக்கு வந்து சொந்தக் காரில் எல்லை கடக்கும் வழி ஒன்று உண்டு. தாயிடம் அமெரிக்க விசா இல்லை.