சாம்பல் நிற நெக்ஸ்ட் பட்டன்

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'ஐ.டி.' என்று சொல்லிவிடுவேன். தமிழில் எழுதினால் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜியும் ஐ.டி.தான், இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனும் ஐ.டி.தான். பொய் சொன்ன பாவம் கிடையாது. பெரியப்பா இன்றைக்கும் நான் சாஃப்ட்வேர் எழுதுவதாகவே நம்புகிறார். நான் செய்வது பாடம் கட்டுவது.

வங்கி ஊழியர்களுக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் பல வருடம் கோர்ஸ் செய்த பிறகு, இந்த வேலையையே படிக்க வருகிறவர்களுக்கு ஒன்று செய்யச் சொன்னார்கள். எட்டு மாட்யூல், நேர வகுப்பு இல்லை, அவரவர் வேகத்தில் முடித்துக்கொள்ளலாம். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதுதான். இவர்கள் இன்னும் கொல்லர் ஆகவில்லை. ஆனால் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே என் பாடம்.

மூன்றாவது மாட்யூல், வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி. வளர்ந்தவர்களின் கல்வி பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் மால்கம் நோல்ஸ் சொன்னபடி, அவர்களுக்குத் தங்கள் கற்றல் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ஸ்லைடில் எழுதி, குரலும் சேர்த்து, அந்தக் குரல் முடியும்வரை நெக்ஸ்ட் பட்டனைப் பூட்டியும் வைத்திருந்தேன். வங்கிக் கோர்ஸ்களில் அப்படித்தான் கேட்பார்கள்; ஆடிட்டில் 'முழுதும் பார்த்தார்' என்று காட்ட வேண்டுமே. பழக்கதோஷம். நான்காம் நாள் ஒரு மாணவியிடமிருந்து மின்னஞ்சல். "மேடம், என் கற்றல் என் கையில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லி முடிக்க நாற்பது வினாடி காத்திருந்தேன்." கீழே ஸ்க்ரீன்ஷாட், அதில் சாம்பல் நிறத்தில் பட்டன். அன்று மாலையே எல்லாப் பூட்டையும் எடுத்தேன்.

அடுத்த அடி இதைவிடப் பெரியது. ஆறாவது மாட்யூலில் ஸ்டோரிபோர்டு, அதாவது ஸ்லைடுக்கு ஸ்லைடு என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வரைவு, போடும் பயிற்சி. திரையிலேயே விடை எழுத வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் வந்தால், சிலருக்கு முதல் ஸ்லைடிலிருந்து ஆரம்பித்தது. கேஷை அழியுங்கள், வேறு பிரௌசரில் பாருங்கள் என்று வழக்கமான பதில்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். அதே மாணவி இன்னும் நாலு பேரை விசாரித்துவிட்டு எழுதினார்: "நிறைய எழுதினவர்களுக்குத்தான் அழிகிறது மேடம். ஒரு வரி எழுதினவர்களுக்கு அப்படியே இருக்கிறது."

அங்கேதான் உறைத்தது. நாங்கள் வெளியிட்டது ஸ்கார்ம் 1.2-இல்; கோர்ஸும் அதை ஓட்டும் தளமான எல்எம்எஸ்ஸும் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம் அது. விட்ட இடத்தை நினைவு வைக்க அதில் இருக்கும் இடம் 4,096 எழுத்துகள் மட்டுமே. நானோ ஒவ்வொரு ஸ்லைடின் நிலையையும், தட்டச்சு செய்த ஒவ்வொரு விடையையும் அதிலேயே திணித்திருந்தேன். டிபன் பாக்ஸில் கல்யாணச் சாப்பாடு. அது நிரம்பியதும் எல்எம்எஸ் சத்தமில்லாமல் சேமிக்க மறுத்திருக்கிறது. நான் சோதித்துப் பார்த்தபோது விடைப் பெட்டியில் 'டெஸ்ட்' என்று மட்டும் அடித்திருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்! சிரத்தையாக எழுதியவர்களுக்குத்தான் தண்டனை. நினைத்த நேரத்தில் எழுந்துபோய்த் திரும்ப வரலாம் என்பதுதானே இந்த மாதிரிக் கோர்ஸின் உயிரே? மாட்யூலை மூன்றாக உடைத்து, எழுத்துப் பயிற்சியை எல்எம்எஸ்ஸின் அசைன்மென்ட் பகுதிக்கு மாற்றினேன்.

சரி, வேகத்துக்கு வருவோம். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற லாக் எடுத்துப் பார்த்தால், கடைசித் தேதிக்கு முந்தின இரண்டு ராத்திரிகளில் திருவிழாக் கூட்டம். அதற்கு முன் ஈ காக்கை இல்லை. மாணவர்களைத் திட்டிவிடலாம்தான். ஆனால் அவரவர் வேகத்தில் படிக்கும் இந்த முறைக்கு வழிபோட்டவர்களில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெட் கெல்லர் 1968-இல் எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் திட்டத்தில் சொந்த வேகம் என்பது பல அம்சங்களில் ஒன்றுதான். ஒரு யூனிட்டில் நன்றாகத் தேறினால்தான் அடுத்தது. விடைத்தாளை உடனே திருத்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேச ப்ராக்டர் என்று ஒரு ஆள் உண்டு. நாங்கள் வேகத்தை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோம். ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமல்லவா.

அடுத்த பேட்சில், முன்பு முடித்தவர்களில் இரண்டு பேரை அந்த இடத்தில் வைத்தோம். ஒவ்வொரு மாட்யூல் முடிவிலும் மாணவர் ஒரு பத்தி எழுத வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் படித்துப் பதில் போடுவார். கடைசி நேரக் கூட்டம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவிலும் ஆள் நடமாட்டம் தெரிகிறது.

அந்த இரண்டு பேரில் ஒருவர், மின்னஞ்சல் எழுதிய அதே மாணவி. போன வாரம் என் புது ஸ்டோரிபோர்டில் கமென்ட் போட்டிருந்தார்: "உங்கள் குவிஸில் எப்போதும் நீளமான விடைதான் சரி. பாடத்தைப் படிக்காமலே எட்டுக்கு ஏழு வாங்கிவிட்டேன் மேடம்." தவறிய அந்த ஒரு கேள்வியை மட்டும் தேடிப் போய்ப் பார்த்தேன். அதில் நான் விடையையே தப்பாகக் குறித்திருந்தேன்.