டி.ஜி.பி.யும் கான்ஸ்டபிளும்

காலையில் டீக்கடையில் பேச்சு, காக்கியைக் கழற்றிவிட்டுக் கரைவேட்டி கட்டியவர்கள் பக்கம் திரும்பியது. அண்ணாமலை பெயர் வந்ததுமே சத்தம் கூடிவிட்டது. 2016-இல் மயிலாப்பூரில் ஜெயித்த முன்னாள் டி.ஜி.பி. நட்ராஜ் யாருக்கும் நினைவில் இல்லை, பாவம்.

எனக்குப் பிடித்தது பீகார் கதைதான். அந்த மாநிலத்தின் டி.ஜி.பி.யாக இருந்தவர் குப்தேஷ்வர் பாண்டே. 2009-லேயே பக்சர் எம்.பி. சீட்டை நம்பி விருப்ப ஓய்வு கேட்டார். சீட் வரவில்லை. அப்புறம் சத்தமில்லாமல் மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டார். (ராஜினாமா கொடுத்த கிளார்க் திரும்பி வந்தால் இப்படி உள்ளே விடுவார்களா?) 2020 செப்டம்பரில், பணிக்காலம் முடியச் சில மாதங்களே இருக்கும்போது இரண்டாம் முறை விருப்ப ஓய்வு. ஒரே வாரத்துக்குள் நிதிஷ் குமாரின் ஐக்கிய ஜனதா தளத்தில் சேர்ந்தார். சரி, இந்த முறையாவது பக்சர் சட்டமன்றத் தொகுதி கிடைக்கும் என்று பார்த்தால், அது கூட்டணியில் பா.ஜ.க.வுக்குப் போய்விட்டது. அவர்கள் நிறுத்திய பரசுராம் சதுர்வேதியும் முன்னாள் போலீஸ்தான். ஆனால் கான்ஸ்டபிள்!

இதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு ஏட்டையா, பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு, "தம்பி, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

தேர்தலில் சதுர்வேதி காங்கிரஸிடம் தோற்றுப்போனதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.