முதலையைத் தின்ற காலை

கொழும்பு வெள்ளவத்தையில் தங்கிய முதல் நாள், காலை ஆறு மணிக்கு யாரோ காரை ரிவர்ஸ் எடுக்கிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். நம்மூர்க் கார்கள் சில பின்னால் வரும்போது கத்துமே, அதே பீத்தோவன் மெட்டு, 'ஃபூர் எலிஸ்'. ஆனால் நின்றபாடில்லை, தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. இவ்வளவு நேரம் எந்த மகானுபாவன் ரிவர்ஸ் எடுக்கிறான் என்று ஜன்னலைத் திறந்தால், பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்த ஆட்டோ ஒன்று, அதற்குள் அடுக்கடுக்காக ரொட்டி.

சூன் பாண் என்கிறார்கள். சூன் என்றால் ட்யூன்தான், பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண். இந்தப் 'பாண்' போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். 1505இல் இலங்கைக்கு வந்தவர்கள் கோட்டையெல்லாம் கட்டி ஆண்டு, தோற்றுப் போயும்விட்டார்கள், அவர்களுடைய ரொட்டியின் பெயர் மட்டும் தெருவில் பாடிக்கொண்டு திரிகிறது. மும்பை வடா பாவில் இருக்கும் பாவும் அதே சொல்தான். ஜப்பான்காரர்கள்கூட அவர்களிடம் கற்றுக்கொண்டு இன்றைக்கும் 'பான்' என்றே சொல்கிறார்கள்.

சரி, இறங்கிப் போய் "அண்ணா, ஒரு ரொட்டி குடுங்க" என்றேன்.

"ரொட்டி இல்லைத் தம்பி, பாண்தான் இருக்கு."

கண்ணெதிரே இருப்பதைக் காட்டி இல்லை என்கிறாரே என்று குழம்பிவிட்டேன். அங்கே ரொட்டி என்றால் தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்து, தட்டிச் சுடுவது. பாணை வாங்குவதும் றாத்தல் கணக்கில்தான், ஒரு றாத்தல் 450 கிராம். எடை போடுவதை எல்லாரும் கிலோவுக்கு மாற்றிய பிறகும் பாண் மட்டும் மாறவில்லை போல.

என்னோடு வந்த நண்பன் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். முக்கோணமாகப் பளபளவென்று இருந்த ஒன்றைக் காட்டி இது என்ன என்றான், மாலு பணிஸ் என்றார் அவர், பணிஸ் என்றால் நம்மூர் பன். மால் என்றால் பெருமாளாச்சே, பேரே மங்களமாக இருக்கிறது என்று வாங்கி ஒரு கடி கடித்தான். உருளைக்கிழங்கு, மிளகு, கறிவேப்பிலை, அப்புறம் மீன். சிங்களத்தில் மாலு என்றால் மீன்! பெருமாளுக்கு மச்சாவதாரமும் உண்டேடா என்று ஆறுதல் சொன்னேன், அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் மேற்கொண்டு பேசவில்லை.

பரிதாபப்பட்டு அந்த அண்ணன் வேறொன்றை எடுத்து நீட்டினார். நடுவில் தடித்து இரண்டு பக்கமும் கூம்பிய நீள பணிஸ், மேலே சீனி மினுமினுத்தது.

"இது கிம்புலா பணிஸ். கிம்புலா எண்டால் முதலை."

நண்பன் இரண்டடி பின்னால் போய்விட்டான். உருவத்தால் வந்த பெயர், உள்ளே மாவும் சீனியும்தான் என்று அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டான். லேசான இனிப்பு, சீனி நறநறவென்று கடிபட, டீயில் தோய்த்தால் இன்னும் விசேஷம். மூன்று முதலைகளை நின்ற இடத்திலேயே முடித்தான். பாதி கடித்த மாலு பணிஸ் என் பங்குக்கு வந்தது, நான் ஒன்றும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மறுநாள் மெட்டு கேட்டு நான் கண் விழித்தபோது அவன் கட்டிலில் இல்லை. எட்டிப் பார்த்தால் லுங்கியோடு ஆட்டோவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.