எனக்குக் கிடைத்த முதல் ஹீரோ லெகஸி

இண்டியானாபொலிஸுக்குக் குடிவந்த புதிதில் இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கார் ரேஸ் மட்டும்தான். ஆகஸ்ட் மாதம் டவுன்டவுனில் நாலு நாள் வேறொரு கூட்டம் இறங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. தோளில் பெரிய பை, கழுத்தில் அடையாள அட்டை, ஹோட்டல் வராந்தாவில்கூட தரையில் உட்கார்ந்து கார்டு ஆடுகிறவர்கள். ஜென் கான் என்கிற அந்த விளையாட்டுத் திருவிழா 2003-லிருந்து இங்கே நடக்கிறது. சென்டினல்ஸ் ஆஃப் த மல்டிவெர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ கார்டு விளையாட்டு 2011-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததும் அங்கேதான். நான் அப்போது நாலு தெரு தள்ளி ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது பனிக்காலத்தில், ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில்.

நண்பர் பல வருஷமாக மேஜிக் என்ற கார்டு விளையாட்டை ஆடியவர். எதிராளியைத் தோற்கடிப்பதற்காகப் புதுப்புது கார்டுகளாக வாங்கிக்கொண்டே இருப்பது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. ஜென் கானில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன ஸ்டாலில் உட்காரவைத்து இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் பெடெல், ஆடம் ரெபொட்டாரோ, பால் பெண்டர் என்று மூன்று பேர் சேர்ந்து செயின்ட் லூயிஸில் தொடங்கிய கிரேட்டர் தேன் கேம்ஸ் என்ற புதுக் கம்பெனி. ஆட்டத்தை வடிவமைத்ததில் பெரிய பங்கு பெடெலுக்கு, படங்கள் ரெபொட்டாரோ வரைந்தவை. ஒரு ஆட்டம் ஆடி முடித்ததும் நண்பர் அங்கேயே வாங்கிவிட்டார்.

பெட்டியில் 578 கார்டுகள். பத்து ஹீரோக்கள், ஒவ்வொருவருக்கும் 40 கார்டு கொண்ட தனிக் கட்டு. நாலு வில்லன்கள், தலைக்கு 25. சண்டை நடக்கும் நாலு இடங்கள், தலைக்கு 15. மிச்சம், ஹீரோக்களுக்கும் வில்லன்களுக்கும் உரிய அடையாளக் கார்டுகள். இதில் யாரும் எதையும் தேர்ந்தெடுத்துக் கட்டு சேர்க்க வேண்டியதில்லை. ஒரு ஹீரோவை எடு, குலுக்கு, ஆடு. உன் முறை வந்தால் ஒரு கார்டு இறக்கலாம், ஒரு பவரைப் பயன்படுத்தலாம், ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். கார்டு இறக்க விலை எதுவும் கிடையாது. முதல் இரண்டையும் விட்டுவிட்டால் இரண்டு கார்டு எடுக்கலாம். வில்லனையும் இடத்தையும் யாரும் ஆடுவதில்லை. அவர்கள் கட்டிலிருந்து வரும் கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது நடக்கும். நாம் எல்லோரும் ஒரே பக்கம்.

இவ்வளவுதான் விதி என்று நண்பர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. தடித்தடியான விதிப்புத்தகங்களைப் பார்த்துப் பயந்தே நான் இந்த மாதிரி விளையாட்டுகள் பக்கம் போனதில்லை. அவர் ஒரு கட்டை என் பக்கம் தள்ளி, "இதை நீ எடுத்துக்கோ" என்றார். அதுதான் லெகஸி.

லெகஸி பார்க்க ஒரு வழக்கமான அமெரிக்க சூப்பர் ஹீரோ. பால் பார்சன்ஸ் என்று பெயர். தலைமுறை தலைமுறையாக மூத்த பிள்ளைக்கு வந்து சேரும் சக்தி. 32 எச்.பி., அதாவது அவ்வளவு அடி தாங்கும் உயிர். பறந்துபோய் நாலு பேரை அடித்து நொறுக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவருடைய பவரைப் படித்தேன். கேல்வனைஸ்: உங்கள் அடுத்த முறை வரும்வரை எல்லா ஹீரோக்களும் தரும் அடி ஒன்று கூடும். அவ்வளவுதான். அவர் யாரையும் அடிக்கவில்லை.

எதிரே பேரன் பிளேட் என்ற வில்லன். 40 எச்.பி. அவருக்கு முன்னால் மொபைல் டிஃபென்ஸ் பிளாட்ஃபார்ம் என்று ஒரு கவசம். அது இருக்கும்வரை அவரைத் தொடவே முடியாது. அதோடு அவர் நிலாவைப் பூமியை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறார். வில்லனின் முறை தொடங்கும்போது ஆடி முடிந்த கார்டுகள் போய்ச் சேரும் அவருடைய கழிவுக் குவியலில் 15 கார்டு சேர்ந்திருந்தால் நிலா வந்து மோதிவிடும், எல்லோரும் காலி. இதில் இருக்கும் பொறியைக் கவனியுங்கள். அவருடைய அடியாட்களை நாம் வீழ்த்தினால் அந்தக் கார்டுகளும் அதே குவியலுக்குத்தான் போகும். அடியாளை விட்டுவைத்தால் அவன் அடிப்பான், அடித்துப்போட்டால் நிலா நெருங்கும்.

என் முறையில் இன்ஸ்பைரிங் பிரசன்ஸ் என்ற கார்டை இறக்கினேன். ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு எச்.பி. திரும்பக் கிடைத்தது, அடியும் இன்னொன்று கூடியது. அப்புறம் கேல்வனைஸ். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த நண்பர் கையில் டெம்பெஸ்ட் என்ற ஹீரோ. அவருடைய பவர் ஸ்குவால்: ஹீரோ அல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. ஒன்று என்பது ஒன்றுமே இல்லாத எண். ஆனால் என் இரண்டும் சேர்ந்து மூன்றாகிவிட்டது. மேஜையில் பரப்பியிருந்த எல்லா எதிரிகள் மேலும் மூன்று மூன்று. அடுத்து ரா, இரண்டாக இருந்த நெருப்பு நாலாகிவிட்டது. அடுத்து ஹாக்கா, அதேபோல. ஒவ்வொருவரும் அடியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து "ப்ளஸ் டூ" என்பார்கள். நான் ஒருத்தனையும் தொடவில்லை, ஆனால் அந்தச் சுற்றில் விழுந்த ஒவ்வொரு அடியிலும் நான் இருந்தேன். புது ஊரில், பாதிப் பேரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்ற நிலையில், அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

ஆட்டத்தின் நடுவில் லீட் ஃப்ரம் த ஃப்ரண்ட் என்ற கார்டு வந்தது. அதை இறக்கினால் மற்ற ஹீரோக்கள் மேல் விழும் அடியை லெகஸி தன் மேல் வாங்கிக்கொள்ளலாம். இறக்கினேன். டெம்பெஸ்ட்டுக்கு விழ வேண்டியதை வாங்கினேன், ராவுக்கு விழ வேண்டியதை வாங்கினேன். பேரன் பிளேடின் 40-ஐயும் காலி செய்தோம். உடனே அவர் கார்டு மறுபக்கம் திரும்பி, நிலாத் திட்டத்தை விட்டுவிட்டு வெறியோடு நேரடியாக அடிக்க ஆரம்பித்தார். அதில் லெகஸி விழுந்தார்.

சரி, நமக்கு ஆட்டம் முடிந்தது, காபி போடலாம் என்று எழுந்தேன். "உட்கார், கார்டைத் திருப்பு" என்றார் நண்பர். மறுபக்கம் அடிபட்டுக் கிடக்கும் லெகஸியின் படம். கீழே மூன்று வரி. விழுந்த ஹீரோவும் ஒவ்வொரு முறையும் அந்த மூன்றில் ஒன்றைச் செய்து மற்றவர்களுக்குக் கைகொடுக்கலாம். ஹீரோவுக்கு ஹீரோ அந்த உதவி மாறும். ஆனால் அவர் இறக்கிவைத்திருந்த கார்டுகள் எல்லாம் மேஜையை விட்டுப் போய்விட்டன. டெம்பெஸ்ட்டின் மூன்று மறுபடி ஒன்றாகிவிட்டது. அடுத்த சுற்றில் யாரோ பழக்கத்தில் "ப்ளஸ் டூ" என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் ஹாக்காவின் அடியில் பேரன் பிளேட் விழுந்தார். வெளியே உட்காரவைக்கப்படாமல் அந்தக் கடைசி அடிவரை நானும் ஆட்டத்தில் இருந்தேன். இந்த விளையாட்டு என்னைப் பிடித்தது அந்த இடத்தில்தான்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் கார்டுகளை மறுபடி புரட்டினேன். அநேகமாக ஒவ்வொரு கார்டின் அடியிலும் ஒரு வசனம், அது எந்தக் காமிக்ஸில் எத்தனையாவது இதழில் வந்தது என்ற குறிப்பு. சின்ன வயதில் சிவகாசியில் அச்சாகி வந்த காமிக்ஸ் புத்தகங்களை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்து வளர்ந்தவன் நான். இந்தக் காமிக்ஸ் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அப்படி ஒன்றுமே இல்லை என்றார் நண்பர். கம்பெனிக்காரர்கள் மனதுக்குள் ஒரு முழுக் காமிக்ஸ் பதிப்பகத்தையே கற்பனை செய்து, அதன் பல பத்தாண்டு இதழ்களிலிருந்து மேற்கோள் காட்டுகிறார்களாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கார்டுகளின் துணுக்குகளை ஒட்டவைத்து, படிக்கவே முடியாத ஒரு தொடரை ஆடுகிறவர்கள் தாங்களே படித்துக்கொள்கிறார்கள். 2017-ல் பெடெலும் ரெபொட்டாரோவும் அந்தக் கதைகளை ஒரு பாட்காஸ்டில் விரிவாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஆபீஸ் போகிற வழியில் அதுதான் எனக்குத் துணை.

அந்தத் துணுக்குகள் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2013-ல் வந்த ஷாட்டர்ட் டைம்லைன்ஸ் என்ற கூடுதல் பெட்டியில் பார்த்தேன். அதில் ஒரு வில்லன், அயர்ன் லெகஸி. வேறொரு உலகத்தில் பேரன் பிளேட் லெகஸியின் மகளைக் கொன்றுவிடுகிறான். அந்தத் துக்கத்தில் அவர் உலகத்தையே இரும்புப் பிடியில் வைத்திருக்கும் கொடுங்கோலன் ஆகிவிடுகிறார். என் கையில் இருந்த கார்டுகளே தலைகீழாக அவர் கட்டில் இருந்தன. எல்லோருக்கும் தெம்பு கொடுத்த இன்ஸ்பைரிங் பிரசன்ஸுக்கு எதிராக டிமாரலைசிங் பிரசன்ஸ். இந்த ஆட்டத்தின் மிகக் கடினமான வில்லன்களில் ஒருவர் அவர். முதல் சில சுற்றுகளிலேயே சிலர் விழுந்துவிடுவார்கள். என் முதல் ஹீரோவை எதிர்ப்பக்கத்தில் வைத்து ஆட எனக்கு மனசே வரவில்லை. ஆடினேன், ஆனால் அன்றைக்கு லெகஸி கட்டை வேறு யாரையும் எடுக்க விடாமல் நானே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மேஜைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு வழியில் வந்தவர்கள். ஒருவர் கேம் கடையில், வாடிக்கையாளர்கள் ஆடிப்பார்க்க வைத்திருந்த பெட்டியைத் தற்செயலாகத் திறந்தவர். அவர் கையில் முதலில் கிடைத்தது அப்சொல்யூட் ஜீரோ, புதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாத ஹீரோ. அவருடைய அடிப்படைப் பவரே தன்னைத் தானே அடித்துக்கொள்வது. நெருப்படி விழுந்தால் அதைக் குளிராகத் திருப்பி எதிரிக்கு அனுப்பும் கருவி ஒன்று, குளிரடி விழுந்தால் அதையே எச்.பி.யாக மாற்றும் கருவி ஒன்று. இரண்டும் கைக்கு வரும்வரை பாவம்தான். அந்த மனிதர் பொறுமையாக ஆடி, இரண்டும் சேர்ந்த அந்தச் சுற்றில் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினாராம். இன்றைக்கும் அவர் வேறு ஹீரோவை எடுப்பதில்லை.

இன்னொருவர் நர்ஸ், இரவு ஷிஃப்ட். அவருக்கு வழி காட்டியது 2014-ல் ஹேண்டெலாப்ரா நிறுவனம் கொண்டுவந்த டிஜிட்டல் பதிப்பு. ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கம் பிடிக்கும்வரை டேப்லெட்டில் தனியாக ஐந்து ஹீரோக்களையும் தானே ஆடுவார். கார்டுகளைக் கையால் தொட்டது ரொம்ப நாள் கழித்து எங்கள் மேஜையில்தான். என் மனைவியின் தம்பிக்கும் அதே வழிதான். கோயம்புத்தூரில் இந்தப் பெட்டி கடையில் கிடைக்கவில்லை. "மாமா, ஸ்டீம்ல இருக்கு, அதுல ஆடிக்கிறேன்" என்றான். இப்போது எந்தக் கார்டு எப்போது வந்தது என்று எனக்கே பாடம் எடுக்கிறான்.

டிஜிட்டல் பதிப்பு ஒரு பெரிய உபகாரம் செய்கிறது, கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். காகிதப் பதிப்பின் உண்மையான குறை இந்தக் கணக்குதான். இவருக்கு ஒன்று கூடும், அவருக்கு ஒன்று குறையும், இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒன்று கூடும் என்று நாலைந்து கார்டு இறங்கியதும் தலை சுற்றும். முதல் பெட்டியில் எச்.பி. எண்ண டோக்கன்கூட இல்லை, நோட்டில் பென்சிலால் எழுதி அழித்தோம். 2012-ல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன் டோக்கன்களைக் கொடுத்தது, ஹீரோக்களின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி வில்லனின் பலம் மாறவும் வழி செய்தது. ஆனாலும் எண்ணுவதில் ஒருவருக்காவது ஆர்வம் இருக்க வேண்டும். எங்கள் மேஜையில் அது என் மனைவி. ஆரம்பத்தில் இந்த ஆட்டத்தின் பக்கமே வராதவள், ரெய்த் என்ற ஹீரோவின் கட்டைப் பார்த்ததும் உட்கார்ந்தாள். ரெய்த்துக்குச் சக்தி கிடையாது, கருவிகள்தான். கத்தி, புகைக் குண்டு, குறிபார்க்கும் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கிவைப்பாள். அவள் புகைக் குண்டை இறக்கினால், எச்.பி. குறைந்தவருக்கு வரும் அடி ஒன்று குறைந்து, எச்.பி. அதிகம் உள்ளவரிடம் போகும். அந்த அதிகம் உள்ளவர் பெரும்பாலும் என் லெகஸிதான். அதைத்தான் நானும் விரும்புவேன்.

இப்போது புதிதாக யாராவது வந்தால் கட்டைத் தள்ளிக் கொடுக்கும் வேலை என்னுடையது. முதல் ஆட்டத்துக்கு பேரன் பிளேட், இடம் மெகாலோபொலிஸ். வாக்னர் மார்ஸ் பேஸ் வேண்டாம். அங்கே தன்னைத்தானே தகர்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் ஹீரோ வில்லன் எல்லோரும் சேர்ந்து போய்விடுவார்கள். ஹீரோ எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் நான் எட்டிப் பார்த்து "அதைப் போடு, இதைப் போடு" என்று சொல்வதில்லை, மற்றவர்களையும் சொல்ல விடுவதில்லை. கையில் இருக்கும் கார்டுகளை அவர்களே படிக்கட்டும், தப்பாகவே போடட்டும். அப்சொல்யூட் ஜீரோவைத்தான் எடுப்பேன் என்று அடம் பிடிக்கிறவர்கள் உண்டு. கொடுத்துவிடுவேன், அவர்களுக்கு அடுத்த நாற்காலியில், கேம் கடையில் அந்த ஹீரோவைக் கண்டுபிடித்த நண்பரை உட்காரவைத்து.